வலது பாதம் எழவில்லை

கீழ்பென்னாத்தூரில் அண்ணன் நிலத்தில் அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆபீசில் லீவு சொல்லிவிட்டு நானும் மல்லாட்டை ஆயப் போனேன். நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். பிடுங்கிப் போட்ட செடிகளுக்கு நடுவே நாள் முழுக்கக் குந்தியபடியே காய் பறித்தேன். பேச்சும் சிரிப்புமாக வேலை ஓடியது.

வீடு திரும்பிய மறுநாள் காலை, என் வலது பாதம் தரையில் டப் டப்பென்று அடித்தது. வாசற்படியில் கட்டைவிரல் இடறியது. வலியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் வலியில்லாமல்தான்.

வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்தார்.

நரம்பு டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். முகம், கை, பேச்சு எல்லாம் சோதித்தார். என்னை நடக்கவிட்டு, செல்போனில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டினார். இடது பாதம் விரல்களைத் தூக்கிக்கொண்டு போனது. வலது பாதம் தொங்கிக்கொண்டே போனது.

"பக்கவாதமா டாக்டர்?"

"இல்லம்மா." முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகத் தட்டினார். பாதம் வரை சுருக்கென்றது. "இங்க நரம்பு நசுங்கியிருக்கு. ஜாஸ்தி நேரம் குந்தி உக்காந்தீங்களா?"

மல்லாட்டை ஆய்ந்ததைச் சொன்னேன்.

"அதேதான். கொஞ்ச நாள்ல சரியாயிடும், பயப்படாதீங்க."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடங்கட்டும் என்றோ என்னவோ, அவர் பேசிக்கொண்டே இருந்தார். "அந்தக் காலத்துல, நடக்கும்போது கால் ஊஞ்சல் மாதிரி தானா ஆடி முன்னால வருதுனு ஆராய்ச்சிக்காரங்க நெனச்சாங்க. கேமரா வந்ததும், ஒருத்தருக்குக் கறுப்பு டிரஸ் போட்டு, கை காலுல வெள்ளைப் பட்டை ஒட்டி, நடக்கவிட்டுப் படம் எடுத்தாங்க. போர்ல கால் போனவங்களுக்குச் செயற்கைக் கால் செய்யறப்போ இன்னும் நுணுக்கமா அளந்தாங்க. கால் சும்மா ஆடல, பாதத்தைத் தூக்க முழங்காலுக்குக் கீழ முன்பக்கத் தசை வேலை செய்யுதுனு தெரிஞ்சுது. உங்களுக்கு அதுதான் இப்போ அசந்து கெடக்கு."

"இவளும் அப்படித்தாங்க, ஞாயித்துக்கெழம எழுந்திருக்கவே மாட்டா," என்றார் வீட்டுக்காரர். காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு. அழுதுகொண்டே சிரித்தேன்.

கணுக்காலுக்கு ஒரு பட்டை போட்டுவிட்டார்கள். பல வாரம் கழித்து, பல் துலக்கும்போது சும்மா குனிந்து பார்த்தேன். வலது கட்டைவிரல் மெல்ல மேலே எழுந்தது. வாயில் நுரையோடு, "ஏங்க, இங்க வாங்க!" என்று கத்தினேன்.