கால் தட்டாத சேறு

போன மே மாதம் நடந்தது இது. குறுவை நடவுக்கு ஆற்றில் தண்ணீர் வர இன்னும் நாள் இருந்தது. வயலில் வேலை இல்லாத அந்தச் சில வாரங்களில்தான் நான் கொஞ்சம் உட்காருவேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவரும் லீவில் வந்திருந்தார். தஞ்சாவூரில் படிக்கும் எங்கள் மகள், "ரெண்டு பேரும் எங்கயாச்சும் போயிட்டு வாங்களேன்" என்று நச்சரித்து, பேராவூரணியைத் தாண்டி ஒரு கடற்கரையில் கயாக் படகு விடுகிறார்கள் என்று எங்களை அனுப்பிவைத்தாள்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் படுத்துத் தூங்கத்தான் ஆசை. மாமியாருக்கு மருந்து, மாட்டுக்குத் தீவனம், அறுப்பு முடிந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் என்று வருடம் முழுக்க ஓடுகிறவளை, லீவு நாளில் வந்து துடுப்பு போடு என்றால் எப்படி இருக்கும்? அவருக்கோ ஒரே குஷி. இரண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் படகு. நான் முன்னால், அவர் பின்னால். கரையை ஒட்டியே போகச் சொல்லித்தான் படகு கொடுத்தவர் அனுப்பினார்.

அந்தப் பக்கத்துக் கடலில் அலை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, ஏரி மாதிரி கிடக்கும். கரையிலிருந்து வீசிய காற்று முதுகில் தள்ள, பேச்சு சுவாரசியத்தில் நாங்கள் பாட்டுக்குப் போய்விட்டோம். திரும்பும்போதுதான் வினை. எதிர்காற்றில் எவ்வளவு துடுப்பு போட்டாலும் கரை கிட்டே வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. குடிக்கக் கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்துவிட்டது. தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். தொடையளவுதான் தண்ணீர், அடியில் கறுப்பாகச் சேறு.

"அட, நம்ம வயலு மாதிரிதான் இருக்கு. நான் எறங்கி இழுக்குறேன், நீ உக்காரு."

சின்ன வயதில் நாற்றுக்கட்டுகளைக் கயிறு போட்டு வயலுக்குள் இழுத்துப் பழகியவர். புழுக்கம் தாங்காமல் லைஃப் ஜாக்கெட்டை வேறு கழற்றிப் போட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

இறங்கியவர் நிற்கவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தார். வயலில் எவ்வளவு உளைச்சேறாக இருந்தாலும் முழங்கால் போவதற்குள் கெட்டித்தரை காலில் தட்டிவிடும். அதை நம்பித்தான் குதித்தார். இங்கே எதுவும் தட்டவில்லை. முழங்கால் தாண்டிப் புதைந்து, தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் இன்னும் இறங்கியது. சீக்கிரமே கழுத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு சிற்றலைக்கும் வாய்க்குள் உப்புத்தண்ணீர். படகுக் கயிறு மட்டும் அவர் கையில் இருந்தது.

"கயித்த விட்டுடுறேன். நீ மட்டும் போயி யாரையாச்சும் கூட்டிட்டு வா" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்!

"எத்தன வருஷமாத் தனியாத்தான் போயிக்கிட்டிருக்கேன். உங்க அம்மாவுக்கு ஆஸ்பத்திரின்னாலும் நான்தான், நடவுன்னாலும் நான்தான். ஓஞ்சு போயிட்டேங்க. இன்னிக்கு என்னால தனியாப் போக முடியாது!"

கத்திவிட்டு ஓவென்று அழுதேன். அழுதுகொண்டேதான் அவருடைய லைஃப் ஜாக்கெட்டை எட்டி நீட்டினேன். நான் வருடா வருடம் நடவுக்கு இறங்குகிறவள். மாட்டிய காலை நேராக இழுத்தால் சேறு விடாது என்பது எனக்குப் பழக்கம்.

"துள்ளாதீங்க. இத நெஞ்சுக்குக் குடுத்துக் குப்புறப் படுங்க. ஒரு கால மட்டும் மடக்கி மெதுவா ஆட்டுங்க. தண்ணி உள்ள எறங்குனா சேறு விட்டுடும்."

மறுபேச்சு பேசாமல் செய்தார். முதல் கால் வந்தது. மறுகால் வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. படகில் ஏற அவரிடம் பலம் இல்லை. அதன் பின்முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மிதந்தார். நண்டு வலை எடுத்துப் படகில் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தார். அவர் யாரோ, எவரோ. நன்றி சொல்ல வாயெடுத்தபோது, "மொதல்ல நெழலுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மணலில் படுத்துக் கிடந்தபோது என் கணவர் கேட்டார். "இவ்வளவு நாளும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நல்லாருக்கியான்னு கேப்பீங்க. நல்லாருக்கேன்னு சொல்லுவேன். அதோட போன வச்சிடுவீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லீவு முடிந்து சிங்கப்பூர் போய்விட்டார். மாடும் வயலும் மாமியாரின் மருந்தும் அப்படியேதான் இருக்கின்றன. களைப்பும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் இப்போது போனில், "இன்னிக்கு முடியலங்க" என்று சொல்கிறேன். அவரும் வைத்துவிடாமல் கேட்கிறார். இந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவும் அவர் கேட்கவும் கழுத்தளவு தண்ணீர் வேண்டியிருந்தது.