பழைய புயலுக்கு எச்சரிக்கை

எனக்கு எட்டு வயதாயிருந்த கோடை விடுமுறையில், வானிலையை முன்கூட்டிச் சொல்லும் வித்தை படிக்க வெளிநாடுகளிலிருந்து ஒரு கூட்டம் இத்தாலியில் நாங்கள் இருந்த பலேர்மோ நகருக்கு வந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் நாட்டில் அதே வேலையைத்தான் பார்க்கிறவர்கள். வேலை தெரிந்தவர்களுக்கு இத்தனை வயதுக்கு மேல் ஏன் பள்ளிக்கூடம் என்று எனக்கு ஒரே குழப்பம். வகுப்பு நடந்த கட்டடத்தைத் துப்புரவாக்குவது அம்மாவின் வேலை. என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் கூடவே போவேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் திருகோணமலைக்காரர். தமிழ்க் குரல் கேட்ட முதல் நாளே அம்மா அவருக்கு அக்கா ஆகிவிட்டார். எனக்கு அவர் அங்கிள். காற்றையும் கடலையும் படித்தவர் என்பதால் அம்மாவுக்கு அவர்மேல் தனி மரியாதை. அதற்குக் காரணம் இருந்தது. மன்னாரில் அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, நான் பிறப்பதற்கு முன்பே கடலுக்குப் போய்ப் புயலில் அகப்பட்டுத் திரும்பாதவர். தம்பியான சின்ன மாமா அதே கடலுக்கு இன்னும் போய்க்கொண்டிருந்தார். அவர் கரை சேர்ந்துவிட்டார் என்று தெரியும்வரை அம்மாவுக்குத் தேத்தண்ணிகூடத் தொண்டையில் இறங்காது.

ஒரு நாள் வகுப்பின் கதவு திறந்திருந்தது. சுவரில் பெரிய படம். இலங்கையை எனக்கு எங்கே கண்டாலும் தெரியும். அதன் பக்கத்தில் சிவப்பாக ஒரு சுழி. இடைவேளையில் அங்கிளைப் பிடித்தேன்.

“இது எங்கை அங்கிள்?”

“மன்னார்க் கடல், பிள்ளை.”

“புயலோ?”

“ஓம். நாளைக்கு விடியக் கரையைத் தொடும் எண்டுதான் நான் நினைக்கிறன்” என்று சொல்லிவிட்டு, பாதிக் கோப்பியோடு வகுப்புக்குள் ஓடிவிட்டார்.

நான் அவரைவிட வேகமாக ஓடினேன். அம்மா ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் மன்னாருக்குப் போன் எடுத்தார்.

“ஆடி மாசத்திலை என்ன புயல் அக்கா?” என்று சின்ன மாமா சிரித்தார்.

“இஞ்சை பெரிய படிப்புப் படிச்ச ஆக்கள் சொல்லுகினம். நீ கடலுக்குப் போனா என்ரை முகத்திலை முழியாதை!”

இத்தாலியிலிருந்து வரும் செய்திக்கு எங்கள் ஊரில் இருந்த மதிப்பு சொல்லி மாளாது. சின்ன மாமா மட்டுமல்ல, அந்தக் கரையே வள்ளங்களை மேலே இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. மறுநாள் வெயில் கொளுத்தியதாம். செய்தி எட்டாத பக்கத்து ஊர்க்காரர் மீனை அள்ளிக்கொண்டு வந்தார்களாம். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் விடுமா? “உன்ரை இத்தாலிப் புயல் எங்கையக்கா?” என்று சின்ன மாமா போனில் குதித்தார்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அங்கிளிடம் போனார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ அக்கா, அது எப்பவோ அடிச்ச புயல். திகதியை மறைச்சுப்போட்டு, அந்த நேரத்துப் படங்களை ஒவ்வொண்டாக் காட்டுவினம். நாளைக்கு என்ன நடக்கும், எப்ப எச்சரிக்கை குடுக்கவேணும் எண்டு நாங்கள் சொல்லவேணும். அதுதான் பயிற்சி.”

நடந்து முடிந்ததை நடக்கப் போகிறது என்று சொல்லிப் பழகுவதாம்! பெரியவர்களின் பள்ளிக்கூடம் எனக்கு அடியோடு விளங்கவில்லை.

எந்தப் புயல் என்று அம்மா கேட்டார். அங்கிள் ஆண்டையும் மாதத்தையும் சொன்னார். அந்த மண்டபத்தில் ஒரு நாளும் உட்கார்ந்தறியாத அம்மா பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அது என்ரை அண்ணன் போன புயல். காத்துத் திடீரெண்டு திரும்பினதாம், ஒருத்தருக்கும் தெரியேல்லை. ராவுதான் வள்ளத்தைத் தள்ளினவர்.” பிறகு, “தம்பி, நீங்கள் எப்ப எச்சரிக்கை குடுத்தனீங்கள்?” என்று கேட்டார்.

“பின்னேரமே குடுத்திட்டன் அக்கா” என்றார் அங்கிள், மெல்ல.

இப்போது ஏச்சு விழப்போகிறது என்று நான் ஆவலோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவோ அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் நல்லாயிருக்கவேணும் தம்பி” என்றார். மறுநாள் பல்லரோச் சந்தையில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி, குழம்பு வைத்து, அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஊர் சிரிக்க வைத்தவருக்கு விருந்து! எனக்குப் பொறுக்கவேயில்லை.

அடுத்த கோடையில் புதிய கூட்டம் வந்தது. ஆனால் எடுத்தது அதே பழைய புயலை. அன்று முழுவதும் அம்மா அந்த வகுப்பின் கதவுக் கண்ணாடியையே துடைத்துக்கொண்டு நின்றார். நேரத்தோடு எச்சரிக்கை கொடுத்தார்கள் என்று தெரிந்ததும், வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்தார். பலேர்மோ பந்தாட்டத்தில் வென்றால் அப்பா துள்ளுவாரே, இதுவும் அப்படி ஒரு ஆட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கும் அடுத்த வருடம் வந்தவர்களில் ஒருவர்கூட நேரத்தோடு சொல்லவில்லை. வேலை முடிந்து வெளியே வந்த அம்மா வாசல் படியில் உட்கார்ந்து அழுதார். எனக்குப் பயமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

“அதுதான் எப்பவோ முடிஞ்சுபோச்சே அம்மா!”

“ஓமடி, தெரியும்” என்றார் அம்மா, கண்ணைத் துடைத்தபடி. “பின்னேரம் வரைக்கும் அண்ணன் கரையிலைதானே நிண்டவர்.”

எந்தக் கரை என்று விளங்காமல் நான் பலேர்மோக் கடல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.