கொண்டுபோய்க் கொடுக்காத ஒலிப்பதிவு

அருள்மேரி அக்கா இறந்துவிட்ட செய்தியை எனக்குச் சொன்னது எமினே. ஜெர்மனியின் கொலோன் நகரில் அக்காவும் நானும் ஆங்கிலம் கற்பித்த மாலைப் பள்ளியில் படிக்கும் துருக்கியப் பெண் அவர். தொலைபேசியில் அழுதார். பிறகு ஜெர்மன் மொழியில், "என்னுடைய பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினீர்களா?" என்று கேட்டார்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய ஆராய்ச்சியும் தெரிந்திருக்கும். விபத்து நடக்கும், பனி உருகும், இலை விழும். செய்தவர் என்று ஒருவர் இல்லாத இந்த வினைகளைத் துருக்கி மொழி பேசுவோர் ஆங்கிலத்தில் எப்படிக் கற்கிறார்கள் என்பதே அது. யாரோ செய்துவிட்டதுபோல, 'விபத்து நடத்தப்பட்டது' என்கிற மாதிரி அவர்களில் பலர் சொல்வார்கள். ஒரு மாணவி அப்படிச் சொன்னதை ஆசிரியர் அறையில் ஒருநாள் சொல்லிக்காட்டிச் சிரித்தேன். "சிரிக்காதேங்கோ தம்பி. அந்தப் பிள்ளை யோசிச்சுத்தான் பிழை விடுது" என்றார் அக்கா. அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

படங்களைக் காட்டிப் பேசவிட்டுப் பதிவு செய்வதுதான் அவர் வழி. அதே பன்னிரண்டு மாணவர்களை நான்கு வருடம் தொடர்ந்தார். பதிவின்போது பிழையைத் திருத்தவே மாட்டார். எனக்குப் பொறுக்காது. "சொல்லிக் குடுத்தால் ஒரு நிமிசத்தில முடியுமே அக்கா?" என்றேன். "நான் சொன்னால் அது என்ரை வசனம். அவையின்ரை வசனம் வரட்டும்" என்றார். பதினொரு பேருக்குச் சரியான வசனம் வந்தது. எமினேக்கு மட்டும் நான்காம் வருடத்திலும் வரவில்லை.

அக்கா மருத்துவமனையில் படுத்தபின் கடைசிப் பதிவை நான் செய்தேன். விபத்துப் படத்தை எடுத்து வைத்ததும் எமினே சட்டென்று சரியாகச் சொன்னார். உடனே அக்காவை அழைத்து, "ஒரு சாமான் இருக்கு, கொண்டு வாறன்" என்றேன்.

"எமினேயோ?"

"வந்து சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க ஆசை. மறுநாள் பல் வைத்தியரிடம் முன்பே எடுத்திருந்த டெர்மின். அடுத்த நாள் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மூன்றாம் நாள் எமினேயின் அழைப்பு வந்தது. அவர் கேட்டபோதே 'ஓம்' என்று ஒரு சொல்லில் ஆமோதித்திருக்கலாம். என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பழைய பதிவுகளை இப்போது கேட்கிறேன். ஒருவர் முதன்முறை சரியாகச் சொன்னதும், ஆங்கில வகுப்பு என்பதையும் மறந்து, அக்கா மெல்ல "ஓம்" என்கிறார். அப்படிப் பதினொரு 'ஓம்' என்னிடம் இருக்கிறது. எமினேயின் பதிவில், அந்தச் சரியான வசனத்துக்குப் பிறகு கேட்பது என் குரல்: "அடுத்த படம்."