கண் படமும் கடைசிச் சொல்லும்

எங்கள் ஊரில் கண் பார்ப்பதென்றால் கீழிமையை விரலால் இழுத்து வெள்ளை விழியைப் பார்ப்பதுதான். எல்லா நோயும் வருத்தமும் அதில் தெரிந்துவிடும் என்று படித்தவர்களும் நம்பினார்கள். நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். மற்றவர்களைப் பழிக்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிக்கூடக் காலத்திலேயே எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. இரண்டாவது பிள்ளைக்குப் பத்து மாதமானபோது இடது கண்ணுக்குள் கறுப்பு நூலொன்று மிதந்தது. கல்முனை டாக்டர் கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார். பிள்ளையை விட்டுப் போவதா, நூல் தானாகக் கரைந்துவிடாதா என்று யோசித்தே இரண்டு கிழமையைக் கழித்தேன். பிறகு பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டுக் கணவரோடு போனேன்.

கொழும்பில் கண்மணி விரிய மருந்து விட்டார்கள். கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றினார்கள். முகத்தை நிமிர்த்தி நாடியைத் தாங்கியில் வைத்ததும், நீல வெளிச்சம் அடித்து அடித்துப் படமெடுத்தார்கள். சாயம் கண்ணின் பின்சுவரிலுள்ள இரத்தக் குழாய்களில் ஓடுமாம். குழாய் கசியும் இடம் படத்தில் வெள்ளையாக விழுமாம். இதெல்லாம் பிறகு அறிந்தது. அன்று அந்தப் பெரிய டாக்டர் என் கண்ணோடு மட்டும்தான் பழகினார். கண்ணுக்குச் சொந்தக்காரி ஒருத்தி உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிந்ததாகவே இல்லை. படம் கழுவி வந்ததும் அடுத்த செவ்வாய் லேசர் என்று துண்டுக் கடதாசியில் எழுதிவிட்டு எழுந்து போனார்.

வெளியே வரும்போது சாயம் ஏற்றிய தாதி மிஸி என் கணவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவர் மருதமுனையில் நெய்யும் கைலிகளை, சாரன்களைச் சிங்கள ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பவர். அவருடைய சிங்களத்தில் விலை பேசலாம். அதற்கு மேல் அதில் சரக்கில்லை.

"என்ன செல்றா?" என்றேன்.

"மஞ்சளாகுமாம். பயமாம்."

"என்னத்துக்குப் பயம்?"

"பயமெண்டாப் பயம்தான். வா புள்ள, பஸ் போயிரும்."

மறுநாள் காலையில் வீட்டு வாசலிலேயே உம்மா என் இமையை இழுத்தா. முகம் இன்னும் மஞ்சள் பூத்திருந்தது. சிறுநீர் தோடம்பழச் சாறுபோல் செம்மஞ்சளாகப் போனது.

"செங்கமாரி புடிச்சிட்டு" என்றா. மஞ்சள் காமாலைக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது.

"அது ஏத்தின மருந்து உம்மா."

"அப்ப மருமகன் பயமெண்டு செல்றது பொய்யா? பெரிய டாக்குத்தர் நீ?"

அன்றே நாட்டு வைத்தியம் செய்யும் பரிசாரி வந்தார். கீழ்க்காய்நெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் தந்தார். நாற்பது நாள் பத்தியம். உப்பில்லை, பஸ் பயணம் இல்லை, பிள்ளைக்குப் பால் இல்லை. செங்கமாரி ஒரு நாளில் வருவதுமில்லை, போவதுமில்லை என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் குடித்தேன். ஒருவேளை மருந்து ஈரலைத் தாக்கியிருந்தால்? ஒருவேளை பிள்ளைக்கும் தொற்றினால்? இரண்டு நாளில் மஞ்சள் போய்விட்டது. பரிசாரிக்கு முகம் கொள்ளாத பெருமை.

"என்ட மருந்து கேட்டிரிக்கி. ஆனா மஞ்சள் உள்ளுக்க ஒளிச்சிருக்கும். பத்தியம் உடக்கூடா."

ஒளிந்திருக்கும் மஞ்சளை அவர் எந்தப் படத்தில் கண்டாரோ, நான் அன்றைய மருந்தையும் குடித்தேன். செவ்வாய் வந்தது, போனது. டாக்டரின் துண்டு அலுமாரியில் சேலைக்கடியில் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் பால்மா வாங்கச் சந்திக்குப் போனேன். சோதனைச்சாவடியில் ஒரு சைக்கிள்காரரைப் பார்த்து ஆமிக்காரன், "யன்ன எப்பா" என்றான். போக வேண்டாம். சைக்கிள் அந்த இடத்திலேயே நின்றது. சிங்களத்தில் வேறெதுவும் தெரியாவிட்டாலும் அந்த 'எப்பா' எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்த மொழியில் வேண்டாமென்பது கடைசியில்தான் வரும். அன்று காதில் விழுந்தும் கவனிக்காதது இப்போது கேட்டது: மிஸி சொன்னதும் அப்படித்தான் முடிந்தது. சிரித்துக்கொண்டல்லவா சொன்னாள்.

வீட்டில் கணவர் சாரன் மடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மிஸி பயத்துக்குப் பொறகு என்ன சென்னா?"

"ஏதோ சென்னா. நான் அதுக்குள்ள பேக்கத் தூக்கிட்டன்."

"பய வென்ன எப்பா எண்டாளா?"

அவர் கையிலிருந்த சாரனை விரித்து மறுபடி மடித்தார். "எண்டிருப்பா" என்றார்.

மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். மூன்று சொல்லில் ஒன்றைத் தவறவிட்டு என் கண்ணை நாற்பது நாளுக்கு அடகு வைத்திருந்தார்.

"எப்பாவோ கிப்பாவோ, பத்தியம் முடியட்டும்" என்றா உம்மா குசினியிலிருந்து. நான் துண்டை எடுத்துக்கொண்டு வந்து கணவர் முன் வைத்தேன்.

அதற்கு இரண்டாம் நாள் கொழும்பில் என் கண் படத்தைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். வயலுக்குள் வாய்க்கால்கள் பிரிவதுபோல் குழாய்கள்; அங்கங்கே வெள்ளைக் கசிவு. "இதிலொன்று இப்போது உடைந்துவிட்டது" என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். ஏன் செவ்வாய் வரவில்லை என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் லேசரின் பக்கம் திரும்பினார். மற்றக் கசிவுகளை அடைத்தார். சாயம் ஏற்றினால் சில நாள் பால் கொடுக்கக்கூடாது என்றும் அன்றுதான் யாரோ சொன்னார்கள். வீட்டில் நடந்த அத்தனை வைத்தியத்திலும் அது ஒன்றுதான் சரியாக இருந்தது, அதுவும் தற்செயலாக.

வலது கண்ணை மூடினால் இடது கண்ணின் கீழ்மூலை இருட்டு. அந்தப் பக்கத்தால் பிள்ளை தவழ்ந்து வந்தால், காலில் பட்ட பிறகுதான் தெரியும்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் பரிசாரி என் செங்கமாரியை இரண்டு நாளில் இறக்கிய கதையை உம்மா சொல்லுவா. அந்தப் பேச்சை மட்டும் என் கணவர் கடைசிச் சொல் வரைக்கும் நின்று கேட்பார். நானும் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பேன்.