பம்பை அடிக்காத ஆடி

முட்டி தேய்ந்துபோய்விட்டது, மாடிப்படி ஏறாதே, தரையில் உட்காராதே, ரொம்ப நேரம் நிற்காதே என்று டாக்டரம்மா சொன்னார். துணிக்கடையில் வேலை பார்க்கிறவள் நிற்காமல் என்ன செய்வது? தலையை ஆட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆடித் திருவிழாவில் என் மேல் சாமி வரும், வந்தால் லேசில் இறங்காது என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு மாத்திரை எழுதியிருப்பார்.

செஞ்சியில் எங்கள் தெரு அம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுவோம். சாயங்காலம் கரகம் கோயிலுக்குத் திரும்பும்போது பம்பைக்காரர்கள் அடிப்பார்கள். அந்த அடி காதில் விழுவதுதான் எனக்குத் தெரியும். அப்புறம் நடப்பது எதுவும் தெரியாது. கண் விழிக்கும்போது கோயில் வாசலில் கிடப்பேன். யாராவது எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பார்கள். வெறும் கையில் கற்பூரம் ஏந்தினாய் என்பார்கள். பார்த்தால் உள்ளங்கையில் ஒரு சிவப்புகூட இருக்காது.

முதலில் என் மாமியார் மேல்தான் வந்துகொண்டிருந்தது. அவர் போன மறுவருடமே என்னைப் பிடித்துக்கொண்டது. "அந்த வூட்டுப் பொம்பளைங்கள ஆத்தா உடமாட்டா" என்று தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, ஆடுகிறவள் நான். அமாவாசைக்கு அமாவாசை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. என் சொந்தத் தங்கையின் புருஷன் செத்ததற்கே தெருமுனையில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் மாடு தொலைந்தாலும் விடிவதற்குள் கதவைத் தட்டித் திருநீறு கேட்பார்கள். நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து படுத்தவளாயிற்றே என்று ஒருவருக்கும் தோன்றாது. எனக்குச் சலித்துவிட்டது. அம்மனிடமே சொல்லியிருக்கிறேன், சலித்துவிட்டது தாயே என்று.

என் தலையெழுத்து, நான் பட்டுவிட்டுப் போகிறேன். பேய்க்கு வாக்கப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும். அம்மனிடம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இது என்னோடு போகட்டும், என் மகள் பக்கம் திரும்பாதே. அவள் காலேஜ் முடித்து, மெட்ராசில் வேலைக்கு ஆர்டரும் வாங்கிவிட்டாள். ஒருமுறை அவள் மேல் வந்து, தெருக்காரர்கள் அவள் காலில் தண்ணீர் ஊற்றி வாக்குக் கேட்டுவிட்டார்கள் என்றால் முடிந்தது. வருடா வருடம் வந்து ஆடித்தான் தீர வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களும் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

அதனால் அவள் வயதுக்கு வந்ததிலிருந்து ஆடித் திருவிழா என்றால் சீயமங்கலத்தில் என் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவேன். பம்பைச் சத்தம் அவள் காதிலேயே விழக் கூடாது. "நம்ப தெருத் திருவிழாவப் பாத்து எத்தினி வருசமாச்சும்மா" என்பாள். "பாத்து இன்னா கிழிக்கப் போற? கெளம்பு" என்பேன்.

இந்த வருடம் தெருப் பையன்கள் பம்பை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். டிஜேவாம். அதிலும் டெக்னோவாம். பேனரே வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் எல்லாம் முணுமுணுத்தார்கள். "பம்பை இல்லன்னா ஆத்தா எப்பிடி வருவா?" என்று என்னிடம் வந்து கேட்டார்கள். "வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும்" என்றேன். அந்தத் தெருவில் டிஜே வருகிறதென்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட ஒரே பொம்பளை நான்தான். பம்பை இல்லையென்றால் சாமி இல்லை. மகளை இந்தத் தடவை அண்ணன் வீட்டுக்கு அனுப்பவில்லை.

டிஜேக்கள் இரண்டு பேர் மத்தியானமே வந்துவிட்டார்கள். குடுமி போட்ட ஒரு பையன், கறுப்பு பனியன் போட்ட ஒரு பெண். மினி லாரி நிறைய ஸ்பீக்கர் பெட்டி. அந்தப் பெண் கைகால் கழுவ எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். கூழும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தேன். "அக்கா, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். சாயங்காலம் நீங்களும் ஆடுவீங்களா என்றாள். "முட்டி பூட்ச்சும்மா" என்றேன்.

வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்தார்கள். பாட்டும் இல்லை, குரலும் இல்லை. தும் தும் தும் என்று அடி மட்டும்தான். அது கோட்டை மலையில் மோதி இன்னொரு தடவை வந்து விழுந்தது. "பாட்டு எப்பப்பா வரும்?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே கவனித்துக்கொண்டிருந்தேன். உடம்பில் ஒரு சிலிர்ப்பு இல்லை. அப்பாடா என்று வேர்க்கடலை உரித்துத் தின்ன ஆரம்பித்தேன். எவ்வளவோ வருடம் கழித்து நானும் ஒரு திருவிழா பார்த்தேன்.

அப்போதுதான் லாரிக்கு முன்னால் என் மகளைப் பார்த்தேன். ஜடை அவிழ்ந்து கிடந்தது. கண் மூடியிருந்தது. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்றது. வெறும் காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, அங்க பாரு! அந்த வூட்டுப் பொண்ணு மேல வந்துட்டா!" என்று ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வேப்பிலை எங்கே, வேப்பிலை எங்கே என்று நாலு பக்கமும் சத்தம். அவள் காலில் அந்தத் தண்ணீர் விழுந்தால் அவ்வளவுதான்.

நாற்காலியை உதைத்துத் தள்ளினேன். கொண்டையை அவிழ்த்தேன். "ஏய்!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே என் பக்கம் திரும்பியது. குடத்தோடு ஓடியவளும் திரும்பினாள். "தாயே, வந்துட்டியா!" என்று என் காலில் ஊற்றினாள். மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து மிரண்டு நின்றாள். யாரோ அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்கள்.

சாமி வரவில்லை. நானேதான் ஆடினேன். இத்தனை வருடம் ஆடியும் எப்படி ஆடுவேன் என்றே எனக்குத் தெரியாது, நான் எங்கே பார்த்தேன்? மாமியார் ஆடியதை நினைத்துக்கொண்டு ஆடினேன். ஒவ்வொரு மிதிக்கும் முட்டியில் உயிர் போனது. எந்த ஆடியிலும் தெரியாத வலி எல்லாம் சேர்ந்து தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துப் பயந்து குடுமிப் பையன் பெட்டியை நிறுத்தப் போனான். நிறுத்துடா என் ராசா என்று உள்ளே கெஞ்சினேன்.

"நிறுத்தாத! நிறுத்தாத! சாமி எறங்கறதுக்குள்ள நிறுத்துனா ஆளு தாங்காது!" என்று தெருவே கத்தியது.

அது எங்கள் வழக்கம். பம்பைக்காரர் ஆடுகிறவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? நிறுத்தக் கூடாது என்றதும் பயத்தில் வேகத்தைக் கூட்டிவிட்டான் பாவி.

"இன்னா கொற தாயே? சொல்லு" என்று கேட்டார்கள்.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல. இந்த வூட்ல நான் வர்றது இவளோட சரி. இவ பொண்ணு மேல வரமாட்டேன். கேட்டுதா?"

"கேட்டுது தாயே!"

கையை நீட்டினேன். கற்பூரம் வைத்துக் கொளுத்தினார்கள். சுட்டது. அம்மாடி, அப்படிச் சுட்டது. கத்தவும் முடியாது, உதறவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அணையும்வரை நின்று, அப்படியே விழுந்தேன். விழுந்தது மட்டும் நடிப்பில்லை. அந்தக் கறுப்பு பனியன் பெண்தான் பையனைத் தள்ளிவிட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். மகள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். களைப்பில் கண் சொருகியது. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றேன்.

"இன்னாது?"

"உம்மேல வந்துதே, அதான்."

"எம்மேலயா?" தேய்க்கிற கையை நிறுத்திவிட்டாள். "எம்மேல எதுவும் வரல. நான் டான்ஸ் ஆடினேம்மா."

"கண்ண மூடிகினா?"

"கண்ண மூடிகினா நல்லாருக்குது. வருசா வருசம் மாமா வூட்டுக்கு அனுப்பிடற. மெட்ராஸ் போறதுக்குள்ள ஒரு தபா நம்ப தெருவுல ஆடலாம்னு ஆடினேன். அதுக்குள்ள நீ வந்துட்ட."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மன் வாயில் வார்த்தையைப் போட்டு, அவள் பெயரால் சத்தியமும் பண்ணி வைத்திருக்கிறேன், எதற்காக? பெற்ற மகள் சந்தோஷமாக ஆடியதற்காக.

தைலத்தை மூடி வைத்துவிட்டு அவள் என் வலது கையை எடுத்தாள். நான் மூடியே வைத்திருந்தேன். விரல் விரலாகப் பிரித்தாள். நடு உள்ளங்கையில் கொப்புளம் கட்டியிருந்தது. அதைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எந்த வருசமும் உனுக்குச் சுடாதேம்மா" என்றாள்.

மருந்து எடுத்து வந்து தடவி, குனிந்து ஊதினாள். அவள் கண்ணீர் ஒரு சொட்டு என் மணிக்கட்டில் விழுந்தது.

"நீ எப்பிடி ஆடினன்னு இன்னொரு வாட்டி ஆடிக் காட்டேன்" என்றேன். "பயந்துகினே பாத்தேன். சரியாப் பாக்கல."