பதினாறு போல்ட்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் போட்டாலும் திறப்பு விழாக் கல் நடுவார்கள். கக்கூஸ் கட்டினாலும் கல்தான். குழாயில் தண்ணீர் வராது. கல்லில் மட்டும் பெயர்கள் பளபளவென்று இருக்கும். அந்தக் கல்லுக்கெல்லாம் வாசகம் எழுதிக் கொடுக்கிற வாத்தியார் நான். அதனால் லியனார்ட் பாஸைப் பற்றிச் சொல்லும்போது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள எனக்கு வழியில்லை.

மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்பார்கள். லியனார்ட் கொட்டகலை பஜாருக்குப் பின்னால் சின்ன கராஜ் ஒன்று வைத்திருக்கிறார். பிறந்து வளர்ந்தது எங்கள் தோட்டத்தின் மேற்கணக்கில். மலை உச்சியில் இருக்கிற பிரிவு அது, நாற்பது குடும்பம். ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே நாலு மைலும் கல்லும் சேறும்தான். கொழுந்து ஏற்றுகிற டிரக்டர் கையில் இருந்தால் நோயாளியை அதில் ஏற்றலாம். இல்லாவிட்டால் கம்பளியில் கட்டித் தோளில் தூக்க வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் லியனார்டின் மனைவி ஜொய்சி டிரக்டர் பெட்டியிலேயே பிள்ளை பெற்றாள். பிள்ளை உயிரோடு ரோட்டுக்கு வந்து சேரவில்லை. அதன் பிறகு இருவரும் மலையைவிட்டுக் கொட்டகலைக்கு இறங்கிவிட்டார்கள். வேறு பிள்ளையும் இல்லை.

"அந்த மலைக்கு ஒரு வண்டி ஏறணும் சேர். ஏத்தாம நான் சாக மாட்டேன்" என்று என்னைக் காணும்போதெல்லாம் சொல்வார்.

அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த நேரம். புது ஜீப்புக்கு எங்கே போவது? தொழிற்சாலைக்குப் பின்னால் மானாப்புல் மூடிக் கிடந்த பழைய ஜீப் ஒன்றைத் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் கேட்டு வாங்கினார். இஞ்சின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கூடு மட்டும்தான் உருப்படி. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் பள்ளத்தில் உருண்ட டபுள் கெப் பிக்கப் ஒன்று ஒரு முற்றத்தில் கிடந்தது. உடம்பு அப்பளமாக நொறுங்கியிருந்தாலும் அதன் டீசல் இஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. மேற்கணக்கு ஆட்கள் லயத்துக்கு லயம், வரிசை வீடு ஒவ்வொன்றிலும், காசு சேர்த்து அதை வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல், லியனார்ட் அந்த ஜீப்புக்கு அடியில் கிடந்தார். இஞ்சினை மட்டும் மாற்றினால் பழைய கியர் பெட்டி அதன் இழுவையைத் தாங்காது, பல் கொட்டிவிடும் என்றார். ஆகவே கியர் பெட்டி, நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி, முன் அச்சு, பின் அச்சு எல்லாமே டபுள் கெப்பிலிருந்து ஜீப்புக்கு மாறின. இஞ்சினை இரண்டு தடவை உட்கார வைத்து, எண்ணெய்த் தொட்டி அச்சில் இடிக்கிறது என்று இரண்டு தடவையும் வெல்டிங்கை அறுத்துத் தூக்கினார். கியர் பெட்டியிலிருந்து அச்சுக்கு விசையைக் கொண்டுபோகிற இரும்புத் தண்டுகள் இரண்டு உண்டு; சாப்ட் என்பார்கள். புது இடத்துக்கு ஒன்று நீளமாகப் போயிற்று, மற்றது குட்டையாகப் போயிற்று. இரண்டையும் ஹட்டனில் லேத்துக்குக் கொண்டுபோய் வெட்டி ஒட்டினார். நடுங்காமல் சுழலும்வரை லேத்துக்காரனை அவர் வீட்டுக்கு விடவில்லை. இஞ்சின் நம்பர் மாற்றிய வண்டிப் பதிவுப் புத்தகமும் முறைப்படி கைக்கு வந்தது.

சித்திரையில் ஒருநாள் ஜீப் மேற்கணக்குக்கு ஏறியது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடிவந்து கூச்சல் போட்டார்கள். லியனார்ட் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். பக்கத்து ஆசனத்தில் இருந்தவன் நான்.

அதோடு விட்டிருக்கலாம். தோட்டக் கமிட்டித் தலைவர் வீரய்யா விடவில்லை.

"ஐயா கையால தொறந்தாத்தான் தோட்டத்துக்கு மரியாத. அதுவரைக்கும் வண்டி அப்புடியே நிக்கட்டும்" என்றார்.

ஐயா என்றால் தொழிற்சங்கத்துப் பெரியவர். அவர் ஒரு தேதி கொடுத்தார், வரவில்லை. இன்னொரு தேதி கொடுத்தார், அதற்கும் வரவில்லை. இதற்கிடையில் இளவட்டங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்கள். சாவியை ஒளித்து வைத்தாலும் வயரைக் கோத்து ஸ்டார்ட் பண்ணிவிடுவார்கள். "நீங்களே ஏதாச்சும் செய்ங்க பாஸ்" என்று வீரய்யா லியனார்டிடம் சொன்னார்.

அந்த வாரம்தான் லியனார்ட் என் வீட்டுக்கு வந்தார். மேசையில் கல்லுக்கான வாசகம் கிடந்தது. ஒன்பது பெயர்கள் இருந்தன. மேலிருந்து கீழாக இரண்டு தடவை வாசித்தார்.

"கடைசி வரியிலயாச்சும் நம்ம பேரு வருமா சேர்? சும்மாதான் கேட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. வீரய்யாவிடம் போய்ச் சொன்னேன். "போட்டுருவோம். ஐயா வாற வரைக்கும் வண்டி அலுங்காம இருக்கணும், அவ்வளவுதான்" என்று சிரித்தார். அதை அப்படியே லியனார்டிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவனும் நான்தான்.

மறுநாள் அவர் சாப்ட் இரண்டையும் கழற்றினார். கராஜுக்குக் கொண்டுபோய், விழாவுக்கு அழகாக இருக்கட்டும் என்று வெள்ளிப் பெயின்ட் பூசி மூலையில் சாத்தினார். இனி எந்தப் பயலாலும் வண்டியை நகர்த்த முடியாது. ஜொய்சி மட்டும் சண்டை பிடித்தாள்.

"யாருக்காச்சும் ஒண்ணுன்னா என்னா செய்வீங்க? என்னய மறந்துட்டீங்களா?"

"ஒரு வாரந்தானே புள்ள."

ஒரு வாரம் மூன்று வாரமானது.

ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை, பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். அடை மழை. எட்டு மாதக் கர்ப்பிணி சுதர்ஷினிக்கு லயத்தில் இரத்தம் போகத் தொடங்கியது. புருஷன் பிரதாப் கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருந்தான். டிரக்டர் கீழ்க்கணக்கில் சேற்றில் புதைந்திருந்தது. ஜீப், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில், டேங்க் நிறைய டீசலோடு, கழுவித் துடைத்தபடி நின்றது. லியனார்டுக்குப் போன் பண்ணிவிட்டுச் சுதர்ஷினியைக் கம்பளியில் கட்டினோம். நாலு பேர் தூக்கினார்கள். நான் குடை பிடித்தேன்.

பாதி வழியில் லியனார்ட் எதிரே வந்தார். ஏறிவந்த த்ரீவீலர் ஓரத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்துவிட்டதாம். தோளுக்கொன்றாக இரண்டு சாப்ட்டையும் சுமந்துகொண்டு ஓடிவந்தார். மழையிலும் அந்த வெள்ளிப் பெயின்ட் மினுங்கியது. கம்பளியின் அடியில் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டார்.

"இருவது நிமிசம் பொறுங்க. போட்டுர்றேன்... இருவதே நிமிசம்."

யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் அது மடத்தனம்.

ரோட்டுக்கு நூறு தப்படி இருக்கும்போது சுதர்ஷினி அடங்கிவிட்டாள். வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஜீப் வந்து நின்றது. லியனார்டின் முழங்கை வரைக்கும் கிரீசும் சேறும். என்ன செய்வது? அதே ஜீப்பில்தான் அவளைத் திருப்பி மேற்கணக்குக்கு ஏற்றினோம். நாலு மைலும் ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறியது. அவ்வளவு சுத்தமான வேலை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம் ஐயா வந்தார். மாலை, மேளம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், ஒன்றும் குறையவில்லை. கல்லைத் திறந்தார்கள். லியனார்டைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. கூட்டம் கலைந்த பிறகு பிரதாப் அவரிடம் வந்தான். கோபமாக வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எத்தன போல்ட்டுங்க பாஸ்?"

"ஒரு சாப்ட்டுக்கு எட்டு. ரெண்டுக்கும் பதினாறு."

"கழட்ட எவ்வளவு நேரம்?"

"பதினஞ்சு நிமிசம்."

"எதுக்குங்க கழட்டுனீங்க?"

லியனார்ட் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வீரய்யா பெயரைச் சொல்லியிருக்கலாம், என் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவர் பிரதாப்பின் கையைப் பிடித்துக் கல்லுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். கடைசி வரியில் இருந்த தன் பெயரில் விரலை வைத்தார்.

"இதுக்குத்தான் தம்பி."

பிரதாப் குனிந்து அந்தப் பெயரை வாசித்தான். பிறகு லயத்துப் பக்கம் நடந்தான். அந்த வரியைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் நான் என்று அவனிடம் அன்றைக்கு நான் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.