எக்ஸ்பிரஸில் கோத்த கூட்ஸ் பெட்டி

எனக்குப் பொறுமை கிடையாது. கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவளுக்கு இது நல்ல குணம் இல்லைதான். ஆனால் என் லேப்டாப் படுத்திய பாட்டில் ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளே எழுந்து உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை தாலியை எடுப்பார், படம் அப்படியே நின்றுவிடும். தூவிய அட்சதை அந்தரத்தில் தொங்கும்.

அந்த முறை அவசரம் வேறு. கல்யாணப் பெண் மறுநாள் இரவு வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறாள். அவள் அம்மா லால்குடியிலிருந்து போன் செய்தார்.

"தாலி கட்டுறப்போ கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சும்மா. ஒண்ணுமே பாக்கல. அவ கிளம்புறதுக்குள்ள பக்கத்துல உக்கார வெச்சு ஒரு தடவை பாத்துடணும்."

முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் என் கணவர், தில்லைநகர் கடையில் ரேம் என்கிற நினைவக அட்டை, வேகமானதாக ஒன்று வாங்கி வந்து, லேப்டாப்பில் காலியாக இருந்த இடத்தில் பொருத்தினார். பழைய ரேமை எடுக்கவில்லை.

"நல்லா ஓடுறத ஏன் கழட்டணும்?" என்றார். எங்கள் வீட்டில் உடைந்த மிக்ஸியின் மூடிகூட வெளியே போனதில்லை.

லேப்டாப் கொஞ்சம் மூச்சு விட்டதே தவிர, தாலி வந்ததும் மறுபடி திக்கியது. ரேம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று திரையில் திறந்து பார்த்தால், பழைய ரேமின் வேகமே இருந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எக்ஸ்பிரஸ்ல ஒரு கூட்ஸ் பெட்டியைக் கோத்தா மொத்த வண்டியும் கூட்ஸ் வேகத்துலதான் போகும். ரயில்வேல இருந்துக்கிட்டு எனக்கே தோணலையே!"

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன், கவலைப்படாதீங்க" என்றேன். சொல்லாமல் இருப்பேனா? அடுத்த நிமிடமே தங்கைக்குப் போன் போட்டேன்.

காலையில் கடை திறந்ததும் புதியதற்கு ஜோடியாக, அதே வேகத்தில் இன்னொன்று வாங்கினார். பழையதைக் கழற்ற மனசே இல்லாமல் கழற்றி அலமாரியில் பத்திரப்படுத்தினார். இப்போது இரண்டும் சேர்ந்து ஓடின. தொங்கிய அட்சதை ஒருவழியாகக் கீழே விழுந்தது. மதியத்துக்குள் முடித்து, லேப்டாப்போடு லால்குடி பஸ் பிடித்தேன்.

கட்டிய பெட்டிகளுக்கு நடுவே அம்மாவும் பெண்ணும் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்தார்கள். தாலி கட்டும் இடம் ஒரு திக்கல் இல்லாமல் ஓடி முடிந்தது. பெருமை தாங்காமல் திரும்பினேன். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் மறைச்சிடுச்சும்மா. இன்னொரு தடவை போடேன். ரொம்ப வேகமாப் போவுது, கொஞ்சம் மெதுவா ஓட்டு."

பெண் சிரித்துக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பாதி வேகத்தில் ஓட்டினேன்.